குப்பையென்று அழித்த அலை

சுனாமி வந்து போன மறு வருஷம் எங்கள் பக்கத்தில் படித்தவர்களுக்கெல்லாம் பூகம்பக் காய்ச்சல் பிடித்திருந்தது. கடலுக்கும் விருதுநகருக்கும் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் விரல் வைத்து அளந்த பேராசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது நான் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த கல்லூரிக்கு ஒரு நில அதிர்வுமானி வந்து சேர்ந்தது. வடக்கே ஏதோ ஒரு ஆய்வகம் புதிது வாங்கியதும் தள்ளிவிட்ட பழைய சரக்கு. அதற்கு எங்கள் நிர்வாகம் வாழைமரம் கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, ரிப்பன் வெட்டியது. பொறுப்பாளர் என்று என் பெயரை ஒரு தகரப் பலகையில் எழுதி மாட்டினார்கள். நானும் வெட்கமில்லாமல் அந்தப் பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு அந்தப் போட்டோவைப் பார்த்தால் அதில் நிற்கிற ஆளை இழுத்து நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

கருவியைக் கீழ்த்தளத்தில், பழைய விடைத்தாள் கட்டுகள் போட்டு வைத்திருந்த அறையில், தரையைத் தோண்டிச் சிமெண்ட் மேடை கட்டி உட்கார வைத்தோம். அதிலிருந்து ஒரு கம்பி மேஜை மேலிருந்த கம்ப்யூட்டருக்குப் போகும். தரை லேசாக அதிர்ந்தாலும் அது தானாகவே பதிவு செய்து, நேரம் குறித்து, வரிசை எண் போட்டு வைத்துக்கொள்ளும். நான் தினமும் சாயங்காலம் வகுப்பு முடிந்து போய் அன்றைய பதிவுகளைத் திறந்து பார்ப்பேன். நான் எதிர்பார்த்தது சுமத்ராவை. ஜப்பான் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன். வந்ததெல்லாம் பட்டாசு.

அதுவும் ஆடி பிறந்து சீசன் சூடு பிடித்துவிட்டால் கேட்க வேண்டாம். ஆமத்தூரைச் சுற்றியிருந்த கம்பெனிகளில் வானத்தில் போய் வெடிக்கிற ஷெல்லை நாள் தவறாமல் போட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் என் கருவி ஒரு பதிவு எழுதி வைக்கும். விஞ்ஞானம் செய்ய உட்கார்ந்தவனுக்குத் தீபாவளி ஒத்திகையைக் காட்டிக்கொண்டிருந்தது அந்த இயந்திரம். எனக்கு அதன் மேல் அப்படியொரு எரிச்சல்.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெடி தரையில் வெடித்தால் அந்த அதிர்வில் ஒரு பகுதி நேரே தரைக்குள் இறங்கும். கீழே இருக்கும் பாறையில் அது ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் ஓடி முதலில் வந்துவிடும். சத்தம் காற்றில் நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர் என்று நிதானமாகப் பின்னால் வரும். ஆகவே பதிவில் முதலில் ஒரு நடுக்கம், பிறகு ஒரு இடைவெளி, பிறகு சத்தத்தின் அடி. இடைவெளியை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். ஷெல் மேலே போய் வெடித்தால் கதை வேறு. தரைக்குள் நேராக இறங்குவது சொற்பம், முதல் நடுக்கம் ரோட்டில் போகிற லாரி இரைச்சலில் காணாமல் போய்விடும். ஆனால் சத்தம் காற்றில் வரும்போது வழி நெடுக மண்ணை மேலிருந்து அமுக்கிக்கொண்டே வருகிறது. எங்கள் கரிசல் மண் பொதபொதவென்றிருப்பது. அதன் மேற்பரப்பில் உருளும் அலைக்கும் ஏறத்தாழ ஒலியின் வேகம்தான். ஊஞ்சலை அது வந்து திரும்புகிற நேரம் பார்த்துத் தள்ளினால் எப்படி வீச்சு கூடுமோ அப்படி, சத்தம் அமுக்க அமுக்க அந்த மண்ணலை வளர்ந்துகொண்டே கூட வரும். ஆகாயத்தில் வெடித்தது தரையை ஆட்டுவது இப்படித்தான். தரையும் சத்தமும் சேர்ந்தே வந்து சேரும். முன்னால் நடுக்கமும் கிடையாது, இடைவெளியும் கிடையாது.

இதை முழுதாகப் புரிந்துகொண்டவன் நான். புரிந்துகொண்டு என்ன செய்தேன் என்றால், ஆகாய வெடி என்று அடையாளம் தெரிந்த ஒவ்வொரு பதிவையும் அன்றன்றைக்கு அழித்தேன். குப்பை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். ஆய்வக உதவியாளர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “இதுவும் ஆடுனதுதான சார், ஏன் அழிக்கீக?” என்று கேட்டார். “வீடு கூட்டினா குப்பையைச் சேத்தா வைப்பாங்க?” என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வேறு ஊரில் உள்ள எந்த நிலையமாவது இப்படிச் செய்யுமா என்று தெரியவில்லை. மாசத்துக்கு ஒரு வெடி கேட்கிற ஊரில் அதையும் பத்திரமாக எடுத்து வைத்திருப்பார்கள். வெடிச்சத்தத்தைக் கொசுச் சத்தமாகப் பாவிக்கிற எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும்.

அந்த வருஷம் ஆவணியில் ஒருநாள் முற்பகல் நான் வகுப்பில் இருந்தபோது பெஞ்சு நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பிள்ளைகள் எல்லோரும் ஒரே திசையில் திரும்பிப் பார்த்தார்கள். நாலு கிலோமீட்டர் தள்ளி, பேன்ஸி ரகம் செய்கிற ஒரு கம்பெனியில் மருந்து கலக்கிற அறை தரைமட்டமாகிவிட்டது. கலக்கிக்கொண்டிருந்த ஒருவரும் பக்கத்து அறையில் மருந்து அடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் அங்கேயே போய்விட்டார்கள். மத்தியானத்துக்குள் இது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், சாயங்காலம் ஆய்வகத்துக்குப் போகும்போது என் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. கடைசியில் ஒரு பெரிய பதிவு கிடைக்கப்போகிறது.

கிடைத்தது. பாடப் புத்தகத்தில் போடலாம் போன்ற படம். முதலில் நடுக்கம், துல்லியமாகப் பதினோரு நொடி, பிறகு சத்தத்தின் அடி. அதற்கு முன்னால் வரிசையில் சின்னதாக இன்னொன்று நின்றது. திறந்த கணத்திலேயே தெரிந்துவிட்டது, வழக்கமான ஷெல். நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அது எப்போதும் கேட்கும். நான் எப்போதும் போல ஆமாம் என்று தட்டினேன். பெரியதை மட்டும் அச்செடுத்து, சட்டம் போட்டு மாட்டலாமா என்று யோசித்தேன்.

மறுநாள் ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். “ரிக்டர்ல எவ்வளவு சார் வரும்?” என்று கேட்டார். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்று விளக்கினேன். “சும்மா ஒரு மதிப்பா சொல்லுங்க சார்” என்றார். அதற்கு அடுத்த நாள் பேப்பரில் அந்தப் படமும் நானும் வந்தோம். அதே பக்கத்தில் கம்பெனியின் விளக்கமும் வந்திருந்தது. மருந்து கலக்கிய தொழிலாளி கவனக்குறைவாக நடந்துகொண்டதால் உராய்வு ஏற்பட்டு வெடித்துவிட்டது, கம்பெனி விதிகளை அணுவளவும் மீறவில்லை. எங்கள் பக்கத்து விபத்துகளின் விசேஷம் இது. தப்புச் செய்தவன் எவனும் உயிரோடு இருக்க மாட்டான். மறுத்துப் பேச வாய் இல்லாதவன் மேல் பழியைப் போட்டுவிட்டு மறு வாரமே லோடு ஏற்றுவார்கள்.

பத்து நாள் கழித்து ஒரு பெண் ஆய்வக வாசலில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் அந்தப் பேப்பரின் மடித்த துண்டு.

“சார், பூமி ஆடுறத எழுதுற மிசினு இங்கனதான இருக்கு?”

யார் என்று கேட்டேன்.

“மருந்து ரூம்புல போனவரு எம் புருசன் சார். கவனக்குறைவுன்னு போட்டிருக்கீகள்ல, அவரு.”

நான் போடவில்லை, பேப்பரில் போட்டது என்று அவசரமாகச் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

“அன்னைக்கு ரெண்டு வெடி சார். மொதல்ல மேல போட்டது ஒண்ணு. வடக்க இருந்து ஆர்டர் குடுக்க வந்த வியாபாரிக்கு ரயிலுக்கு நேரமாச்சுன்னு பகல்லயே ஷெல்லு போட்டுக் காமிச்சிருக்காக. அது சரியா ஏறாம தாழ வெடிச்சு, நெருப்பு அங்கன காயப்போட்டிருந்த மருந்துல விழுந்திருக்கு. அதுல இருந்துதான் மருந்து ரூம்பு பிடிச்சது. கம்பெனியில எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காக. சீசன்ல வேலைக்குப் போகணும்ல.”

“நீங்க பார்த்தீங்களா?”

“பாக்கல சார். வீட்ல உக்காந்து குழாய் உருட்டிக்கிட்டு இருந்தேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மறைக்கக்கூட இல்லை. “வீட்ல உக்காந்துக்கிட்டே மேல வெடிச்சதுன்னு எப்படிம்மா சொல்றீங்க?”

அவள் குனிந்து, என் ஆய்வகத் தரையில் உள்ளங்கையை வைத்தாள்.

“தரையில வெடிச்சா மொதல்ல தரைதான் சார் சொல்லும். சொன்ன ஒடனே கைய வச்சு எண்ணணும். கதவு ஆடுறதுக்குள்ள நாலு எண்ணுனா எங்க ஆளுக வேலை பாக்குற கம்பெனி. எட்டு பத்துன்னு போச்சுன்னா வேற ஊரு. நாலுன்னா ஓடுவோம், பத்துன்னா உக்காந்துருவோம். மேல போட்டதுன்னா எண்ணவே வேண்டாம். தரையும் கதவும் சேந்தே ஆடும். அன்னைக்கு மொதல்ல ரெண்டும் சேந்து ஆடுச்சு. சரி, ஷெல்லு போடுறாகன்னு உருட்டிக்கிட்டே இருந்தேன். ஒரு குழாய் உருட்டி அடுத்த தாள எடுக்கல, தரை வந்துச்சு. நாலு எண்ணுனேன். கதவு ஆடுச்சு. ஓடுனேன். தெருவுல கேட்டா, தெனமும் போடுற ஷெல்லுதான, யாரு கவனிச்சாங்காக.”

குழாய் என்றால் வெடிக்குள் மருந்து அடைக்கிற காகிதக் குழாய். அந்த ஊரில் கம்பெனிக்குப் போகாத பெண்கள் அதை வீட்டில் உருட்டிக் கொடுப்பார்கள். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தரையின் பேச்சு தெரியாமல் போகுமா? தரையில் கை வைத்து எண்ணுவதை அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகளும் செய்யும் என்று பிற்பாடு அறிந்துகொண்டேன். நான் மூன்று வருஷம் எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்குக் கரும்பலகை நிறைய எழுதியும் ஏற்றமுடியாத பாடத்தை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்கு அப்போது வந்தது மரியாதை இல்லை, கோபம். நம் பாடத்தை இவள் யார் சொல்ல என்கிற சின்னப் புத்திக் கோபம்.

“இதெல்லாம் சர்க்கார் விசாரணையில நிக்காதும்மா” என்றேன்.

“அதுனாலதான சார் மிசினுகிட்ட வந்திருக்கேன்” என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். செத்துப்போன மற்ற இரண்டு பெண்களும் அவள் தெருதான். அதில் ஒருத்தியின் அக்கா இவளுக்கு மதினி முறை. “நான் குழாயடிக்குப் போனா கொடத்தத் தூக்கிக்கிட்டுப் போயிருறாக சார். ஒம் புருசன்தான எங்க பிள்ளையப் பொசுக்குனான்னு மொகத்துக்கு நேரா கேட்டுட்டாக. அவரு மருந்து ரூம்புக்குப் போகையில வெள்ளி அரணாக்கொடியக்கூட கழத்தி எங்கிட்டக் குடுத்துட்டுத்தான் போவாரு. உரசிரும்னு அம்புட்டுப் பயம். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவரு பேரு மேல இருக்குறது போகணும். அந்த வீட்டுக்காரக எங்கூடப் பேசணும்.”

என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவள் படியிறங்கும்வரை மேஜையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் போனதும் பதிவுகளைத் திறந்தேன்.

பெரிய வெடியின் எண் இருநூற்றுப் பதினாலு. அதற்கு முந்தியது இருநூற்றுப் பன்னிரண்டு. நடுவில் ஒன்று இல்லை. கம்ப்யூட்டர் தனியாக வைத்திருந்த பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே ஒரு வரி மட்டும் கிடந்தது. பெரிய வெடிக்கு ஒரு நிமிஷம் முன்னால் ஒரு அதிர்வு, பதிவு நீக்கப்பட்டது. அலை போய்விட்டது, திரும்ப எடுக்க வழியில்லை. ஆனால் நான் என்ன மடையனா, தெரியாமல் இருக்க? என் பழக்கம் எனக்குத் தெரியும். நான் அழித்திருந்தால் அது ஆகாய வெடி என்பதே பொருள். வேறு எதையும் நான் அழித்ததில்லை. அந்த ஒரு வரியைக் காட்டி, என் பழக்கத்தையும் சொன்னால், அவள் சொன்னதற்கு அது சாட்சி. உதவியாளரும் என்னோடு வந்து சொல்லியிருப்பார்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு அந்த வாரம் முழுக்க எனக்கு நானே காரணம் தேடிக் கொடுத்தேன். கல்லூரி நிர்வாகத்தில் பட்டாசு முதலாளிகள் இருந்தார்கள். நம் பகுதியின் நில அதிர்வுகள் என்று ஒரு கட்டுரை எழுதிக் கருத்தரங்குக்கு அனுப்பியிருந்தேன், பாதிப் பதிவை அழித்துவிட்டு எழுதியது என்று தெரிந்தால் சிரிப்பாய்ச் சிரித்துவிடுவார்கள். இரண்டும் உண்மைதான். இரண்டும் சாக்குதான். குழாய் உருட்டுகிற பெண்ணுக்கு வெடியாகத் தெரிந்தது தகரப் பலகையில் பெயர் போட்ட எனக்குக் குப்பையாகத் தெரிந்தது என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் அவ்வளவுதான். இதைவிடக் கேவலமான காரணத்துக்காகப் பொய் சொன்ன ஆளை நான் இதுவரை சந்திக்கவில்லை.

விசாரணை அறையில் கம்பெனி மேனேஜர் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். செத்துப்போன பெண்களின் வீட்டார் இடப்பக்கப் பெஞ்சில். அவள் வலப்பக்கம், பெஞ்சில் தன்னந்தனியாக. விசாரணை அதிகாரி பொறுமையானவர், நன்றாகவே கேட்டார். நான் அச்செடுத்த படத்தை விரித்து, இது தரை, இது சத்தம், நடுவில் பதினோரு நொடி, ஆகவே நாலு கிலோமீட்டர் என்று விளக்கினேன். அவர் அசந்துபோனார். “எவ்வளவு துல்லியம் பாருங்க” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். கை வைத்து நாலு எண்ணுவதும் இதுவும் ஒரே கணக்கு என்பது அந்தத் தெருக்காரர்களை விட்டால் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவளோ எழுந்து பேசக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தாள்.

“இதுக்கு முன்னாடி வேற ஏதாவது வெடிச்சதா பதிவாகியிருக்கா? அந்தம்மா அப்படி ஒண்ணு சொல்றாங்க” என்று அதிகாரி கேட்டார்.

“பதிவுல இல்ல சார்” என்றேன்.

சொல் சொல்லாகப் பார்த்தால் பொய் இல்லை. அப்படி ஒரு வாக்கியத்தை நான் இரண்டு நாளாக மனதுக்குள் உருட்டி உருட்டித் தயார் செய்திருந்தேன். அதிகாரி எழுதிக்கொண்டார். மேனேஜர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

வெளியே வந்து வண்டியை எடுக்கப் போனேன். அவள் எனக்காகக் காத்திருந்தாள். கொஞ்ச தூரத்தில், பஸ்ஸுக்காக, அந்த மதினி முறைக்காரியும் இன்னொருத்தியின் அம்மாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

“சார், அப்ப மிசினுல ஒண்ணுதான் விழுந்துச்சா?”

“ஒண்ணுதான் இருக்கு.”

“தரையும் கதவும் சேந்து ஆடுச்சே சார். நல்லாத் தெரிஞ்சிச்சே.”

நான் சாவியைத் துழாவினேன்.

“மிசினு தப்பாச் சொல்லாதுல்ல சார்?”

அவள் குற்றம் சாட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். படித்தவன் சொன்னால் நம்பிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மிசினு தப்பாச் சொல்லாதும்மா” என்றேன்.

“அப்ப எனக்குத்தான் தப்பாத் தெரிஞ்சிருக்கு” என்று சொன்னாள். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு நேரே அந்த இரண்டு பேரிடம் நடந்து போனாள். கூப்பிட்டு நிறுத்துவதற்கு வேண்டிய தூரமும் நேரமும் எனக்கு இருந்தன.

“மதினி, எம் புருசன்தான் மதினி. மிசினுலயே அப்படித்தான் வந்திருக்கு. எங்கள மன்னிச்சிருங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

மதினி அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, அவள் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினாள். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.